கணக்குக் கேட்டால் முனாஃபிக்கா?

கேள்வி: 'நிராகரிப்பாளர்களோடும் நயவஞ்சகர்களோடும் ஜிஹாத் செய்வீராக' என்கிறது குர்ஆன் (9:73). இதன் பொருள் என்ன? எங்கள் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் இந்த வசனத்தைப் போட்டு, பள்ளிவாசல் கணக்குக் கேட்ட ஒருவரை 'முனாஃபிக்' (நயவஞ்சகர், அதாவது வெளியில் முஸ்லிம், உள்ளே நம்பிக்கை இல்லாதவர்) என்கிறார்கள்.
– ஒரு வாசகர், மண்ணடி, சென்னை

பதில்: வசனம் 'நபியே!' என்றுதான் தொடங்குகிறது. 66:9லும் அப்படியே. அந்தக் கட்டளையை நபி (ஸல்) அவர்கள் எப்படி நிறைவேற்றினார்களோ அதுதான் அதன் பொருள்.

அப்துல்லாஹ் இப்னு உபை மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவன். உஹதுப் போருக்குக் கிளம்பிய படையிலிருந்து சுமார் 300 பேரைக் கூட்டிக்கொண்டு பாதி வழியில் திரும்பியவன். பின்னொரு சமயம், மக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த முஹாஜிர்களை மதீனாவை விட்டே துரத்தப்போவதாகப் பேசினான். அவன் கழுத்தை வெட்ட நபித்தோழர் உமர் (ரலி) அனுமதி கேட்டார். 'முஹம்மது தன் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசக்கூடாது, விட்டுவிடுங்கள்' என்றார்கள் நபியவர்கள். அவன் இறந்ததும் உடலுக்குக் கஃபனாகப் போர்த்தத் தம் சட்டையைக் கொடுத்து, ஜனாஸா எனும் இறுதித் தொழுகையும் தொழுதார்கள். அத்தகையவர்களுக்குத் தொழ வேண்டாம் என்ற 9:84 அதற்குப் பிறகு இறங்கியதுதான்.

அப்படியானால் கடுமையே இல்லையா? இருந்தது. சமூகத்தைப் பிளக்கவென்றே கட்டிய பள்ளிவாசலில் தொழ மறுத்து, அதை இடிக்கச் சொன்னார்கள். சூழ்ச்சியைத் தடுத்தார்கள், ஆளைக் கொல்லவில்லை. நயவஞ்சகர்களோடு ஜிஹாத் என்பது நாவால் செய்வது என்றுதான் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார். அவர்களுக்கு உபதேசியுங்கள், மனதில் தைக்கும்படி எடுத்துச் சொல்லுங்கள் என்கிறது 4:63.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நயவஞ்சகர்கள் யார் யார் என்று நபியவர்கள் தம் தோழர் ஹுதைஃபா (ரலி) ஒருவரிடம்தான் இரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். உமர் அவரிடம் போய், 'அதில் என் பெயர் இருக்கிறதா?' என்று கேட்டார். உமருக்கே அந்தப் பயம் இருந்தது. உங்கள் குழுவில் செல்போனைத் தட்டிக்கொண்டே தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு அந்தப் பட்டியலை யார் கொடுத்தார்கள்? எனக்கு இது கோபமாகவே வருகிறது.

பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பி ஒப்படைத்தால் மோசடி: நயவஞ்சகனின் அடையாளங்களாக ஹதீஸ் சொல்பவை இந்த மூன்றும். கணக்குக் கேட்பது இதில் எதிலும் வராது. ஜும்ஆ வசூல் மக்கள் ஒப்படைத்த அமானிதம். ஆகவே நீங்களும் அவரோடு சேர்ந்து கேளுங்கள். குழுவில் வேண்டாம், நிர்வாகத்திடம் நேரில், எழுத்தில். வரவு செலவை அடுத்த வெள்ளிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.