64 கட்டம், 20 இலக்கம்: வாசகர் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே அரிசிமணிகளை வைத்தால் மொத்தம் சேரும் 18446744073709551615 (2இன் 64ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு) என்ற எண்ணைக் குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில்.

தக்கலை வாசகர்: இதை எப்படி வாசிப்பது?

ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியே, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615.

குலசேகரம் வாசகர்: இது பகா எண்ணா?

5இல் முடிகிறது. கடைசி இலக்கத்தைப் பார்த்த பிறகு கடிதம் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: வர்க்க எண்ணாக இருக்கக்கூடுமா?

இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. அது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. ஆகவே வர்க்க எண் அன்று.

நாகர்கோவில் வாசகர்: கணினி விரிதாளில் 18446744073709600000 என்று வருகிறது. எண் லட்சத்தால் வகுபடுகிறதே, நீங்கள் ஒற்றைப்படை என்கிறீர்களே?

விரிதாள் காட்டுவதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என்னைத் திருத்த வருவோருக்கு நான் பதில் எழுதி அலுத்துவிட்டேன். அது எண்ணை 15 இலக்கங்களுக்குத் தோராயமாக்கிக் காட்டிவிட்டு, மீதி இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்புகிறது. அந்த ஐந்து பூஜ்யங்களும் வெறும் இடநிரப்பிகள். உள்ளே நிலைமை இன்னும் மோசம்: எண்ணைச் சேமிக்க 53 இரும இலக்கங்களே இருப்பதால், இந்தப் பருமனில் 2048க்கு ஓர் எண் என்ற இடைவெளியில்தான் அதற்கு எண்கள் தென்படும், ஆகவே 2இன் 64ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. எண்ணின் பருமனைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், நானே சொல்வேன். வகுபடுதலை அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றைக் கழிக்காதவரை 2ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத இந்த எண், கழித்ததும் 2ஐ விட்டுவிட்டு ஏழு வேறு பகா எண்களால் வகுபடத் தொடங்குகிறது. மறுபடியும் சொல்கிறேன், கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.

பூதப்பாண்டி வாசகர்: அம்பலப்புழை பால்பாயச ஐதீகத்தில் கண்ணன் அரசனிடம் கேட்டது எத்தனை கோட்டை?

கோட்டை நெல்லுக்கு உரிய அளவு. சதுரங்கத்தில் தோற்ற அரசனிடம் கண்ணன் கேட்டது, கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் இந்த அரிசி. ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ 37,000 கோடி டன், அதாவது இன்றைய உலக விளைச்சலில் எழுநூறு ஆண்டுக்கு நெருங்கிய அரிசி.

குளச்சல் மாணவி: அந்த ஏழு பகா எண்கள் எவை?

நல்ல கேள்வி. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்னும் பள்ளிச் சூத்திரத்தையே திரும்பத் திரும்பப் போட்டால், 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று பிரிந்துவிடும். கடைசியையும் பகா எண் என்றே கணித அறிஞர் பெர்மா நம்பினார். அது 641ஐ 6700417ஆல் பெருக்கக் கிடைப்பது என்று 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் காட்டினார். ஏழும் வெவ்வேறானவை என்பதால் மொத்த வகுத்திகள் 128. ஆய்லரை நம்பாவிட்டால் நீங்களே சோதிக்கலாம்: 4294967297இன் எந்தக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போவதால், தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் ஐந்தாவது வகுத்தலிலேயே மீதியின்றி முடிந்துவிடும். விரிதாளைத் திறக்க வேண்டாம்.