கையில் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது. புதிதாக ஒரு பொருளைத் தயாரித்துக் கடைக்குக் கொண்டுவர முடியுமா? எதில் தொடங்குவது?

முடியும், அந்தப் பணத்துக்குள் நாலு முறை தப்பு செய்ய இடம் வைத்துக்கொண்டால். நான் வைத்துக்கொள்ளவில்லை. முதல் தப்புக்கே 72,000 ரூபாய் கொடுத்தேன். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் வரகு, தினை, சாமை என்று ஒரே பேச்சு. எங்கள் கரிசலில் விளைகிற கம்பை வைத்துத் தோசை மிக்ஸ் போட்டால் என்ன என்று தோன்றியது. நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்ததும் சேமிப்பும் சேர்த்து 1,80,000 ரூபாய் தேறியது.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? கவர் அடித்தேன். அச்சடித்த பவுச் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செதுக்க வேண்டும். என் டிசைனில் ஐந்து நிறம். சிலிண்டர் 6,000 வீதம் 30,000. குறைந்தது 10,000 பவுச் எடுத்தால்தான் மெஷினை ஓட்டுவோம் என்றார்கள். ஒன்று 4 ரூபாய் 20 காசு, ஆக 42,000. உள்ளே போட மாவு தயாராகவே இல்லை, கவர் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுமினுவென்று வந்து இறங்கியது.

மாவை அரைத்து, ஆறு கடைகளில் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு அண்ணாச்சி போன் செய்தார். "மாவு கசக்குதுன்னு ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. மிச்சத்த எடுத்துட்டுப் போயிரு தாயி."

வீட்டில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து வாயில் போட்டுப் பார்த்தேன். கசப்பு, கூடவே பழைய எண்ணெய் வாடை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்ப இடிச்சு யாரு பிள்ள வச்சிருந்தா? அன்னைக்கு இடிச்சு அன்னைக்குத்தான் காச்சுவோம்."

அவ்வளவுதான். 72,000 ரூபாய்க்கான பதில் எங்கள் திண்ணையிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அரிசி, கோதுமையைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு இருக்கும். அது பெரும்பாலும் தானியத்துக்குள் இருக்கும் முளைக்கருவில் இருக்கிறது. தானியம் முழுசாக இருக்கும்வரை தொல்லை இல்லை. அரைத்ததும் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைத் தொட்டு உடைக்க ஆரம்பித்துவிடும், சில நாளிலேயே வாடையும் கசப்பும் வந்துவிடும். அரைப்பதற்கு முன்பே சூடு காட்டினால் அந்த நொதி செயலிழந்துபோகும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிற நீரில் கம்பைச் சில நொடிகள் முக்கி எடுத்துக் காயவைத்து வறுத்து அரைப்பது ஒரு வழி. இப்போது அதைத்தான் செய்கிறேன். இதில் ஒரு தொந்தரவு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மாடியில் எதுவும் காயாது. அந்த இரண்டு மாதத்துக்கான சரக்கைப் புரட்டாசியிலேயே காயவைத்து முழுத் தானியமாக வைத்துக்கொள்கிறேன். வேண்டியபோது வறுத்து அரைப்பேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் பொருளைச் சாகடிக்கக்கூடியது எது என்று முதலில் தேடுங்கள், முதல் காசை அதைச் சோதிக்கச் செலவழியுங்கள். தின்பண்டம் என்றால் அது பெரும்பாலும் கெட்டுப்போகும் காலம். வேறு பொருளுக்கு வேறாக இருக்கலாம்: உடைவது, சாயம் போவது, ரிப்பேருக்கு ஆள் கிடைக்காதது. பெயர், லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் அதற்கப்புறம். (பெயர் வைப்பதில் மட்டும் எனக்கு ஒன்றரை மாதம் போனது. இன்றைக்குக் கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "அந்தக் கம்பு பாக்கெட்" என்றுதான் கேட்கிறார்கள்.)

இரண்டாவது சுற்றில் மொத்தமே 12 கிலோதான் அரைத்தேன். சாதாரண பிளெயின் பவுச்சில் போட்டு, ஒரு பாக்கெட்டை அடுப்படியில், ஒன்றை ஜன்னல் வெயிலில், இரண்டைத் தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில், ஒன்றை என் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். மே மாதச் சாத்தூர் வெயிலுக்கு மேல் எந்த லேபும் சோதிக்கப்போவதில்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து அடை சுட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதினேன். முறைப்படி லேபிலும் ஒரு முறை கொடுத்தேன், அதன் செலவு சில ஆயிரம். அந்த நோட்டு இல்லாமல் கொடுத்திருந்தால் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் (பழைய ஆட்களுக்கு அது இன்னமும் நெல் பதன ஆராய்ச்சி நிலையம்தான்) நம்மைப் போன்ற சிறு ஆட்களுக்குப் பயிற்சி தருகிறது. உணவுப் பொருள் என்றால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

தோசை ஏன் அடையானது என்றால், தோசை என்று எழுதியதும் வாங்குகிறவர் மனசில் அரிசித் தோசை வந்து உட்கார்ந்துவிடுகிறது. "மொறுமொறுன்னு வரல" என்பார்கள். அடை கொஞ்சம் கரடாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மாவை மாற்றியதைவிடப் பெயரை மாற்றியதில்தான் புகார் குறைந்தது. பக்குவமும் சுலபம்: கம்பு, கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, மிளகாய், சீரகம், பெருங்காயம், தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

ருசி பார்க்கச் சொல்லிச் சும்மா கொடுக்காதீர்கள். சும்மா கொடுத்தால் நம் ஊரில் எல்லாரும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்கு. மில்லில் என்னுடன் வேலை பார்ப்பவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு 40 பாக்கெட் விற்றேன். மூன்று வாரத்தில் 11 பேர் மறுபடி கேட்டார்கள். நான் பார்த்தது அந்தப் பதினொன்றைத்தான். கேட்காத 29 பேரிடமும் ஏன் என்று விசாரித்தேன். பாதிப் பேர் சொன்னது ஒன்றே: "அரைக் கிலோ அதிகம், பிள்ளைங்க சாப்பிடாட்டி வீணாப்போவும்." ருசியைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர்களுக்குச் சிக்கல் அளவில் இருந்தது. இப்போது 200 கிராம் பாக்கெட்டைச் சோதனைக்கு விட்டிருக்கிறேன்.

இதை நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பாட்டிலில் விற்ற ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனவர்களில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தனியாகத் தொடங்கியதுதான் பின்னாளில் கெவின்கேர் கம்பெனி ஆனது. மேடையில் பேசுகிறவர்கள் அந்த 15,000-ஐ மட்டும் சொல்வார்கள். ஷாம்பூ பாக்கெட் போடுகிற வீட்டிலேயே வளர்ந்தவர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். தொழில் தெரிந்தவன் கையில் இருக்கும் 15,000-மும் என் கையில் இருந்த 1,80,000-மும் ஒன்றில்லை. காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று முதலில் எந்த கம்பெனி பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் தன்னுடைய சிக் ஷாம்பூ பாக்கெட் மட்டும் என்று மாற்றினார் பாருங்கள், அது சந்தையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தோன்றும்.

விலை. இதில் நிறையப் பேர் கவிழ்கிறார்கள், நானும் கவிழ்ந்தேன். 500 கிராம் பாக்கெட் ஒன்றுக்குச் சரக்கு 31, வறுக்க அரைக்க 8, பவுச்சும் ஸ்டிக்கரும் 7, பஸ் பார்சல் 3, மொத்தம் 49 ரூபாய். எம்.ஆர்.பி. 60 என்று போட்டு, 11 ரூபாய் லாபம் என்று கணக்குக்காரியான நானே சந்தோஷப்பட்டேன். கடைக்காரருக்கு நூற்றுக்கு இருபது போக என் கைக்கு வந்தது 48. விற்ற ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒரு ரூபாயைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன்! இப்போது எம்.ஆர்.பி. 80. கடைக்கு 16 போக 64; அதில் 49 போக 15; பத்துக்கு ஒன்று திரும்பி வரும் என்று வைத்து 5 கழித்தால், நிற்பது 10 ரூபாய். விலையைக் கடையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்றால், பொருளையே விட்டுவிடலாம். அதுவும் லாபம்தான்.

ஸ்டிக்கர் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் 2,000 ஸ்டிக்கர் அடித்தேன், ஒன்று இரண்டரை ரூபாய். பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, பேக் செய்த மாதம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது தெரியும். ஒரு கிராம் என்ன விலை என்பதையும் போட வேண்டும் என்பது தெரியாது. 5,000 ரூபாய் போயிற்று. வலித்தது, ஆனால் தாங்கியது. இரண்டாவது முறையும் சிலிண்டர் செதுக்கிப் பவுச் அடித்து, அதில் இதே தப்பு நடந்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மெஷின் எதுவும் வாங்கவில்லை. சத்துமாவு போடும் ஒருவரிடம் ரோஸ்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறேன். மாவு மில்லில் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாகப் போய்விடுவேன்; எனக்கு முன்னால் யாராவது மல்லி அரைத்திருந்தால் அன்றைக்கு என் கம்பும் மல்லிதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு நான் எடுத்தபோது சிறு ஆட்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 4,000 கேட்ட ஒரு புரோக்கர் எங்கள் பஜாரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆன்லைனில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாதம் 600, 650 பாக்கெட் போகிறது. பெருக்கிப் பாருங்கள், 6,500 ரூபாய்க்குள்தான். வேலையை விடவில்லை. சங்கிலியை மீட்டது சம்பளத்தில், கம்பில் அல்ல.

கடன் பற்றியும் கேட்பீர்கள். உணவுத் தொழில் செய்கிற குறுநிறுவனங்களுக்கு மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், நான் விண்ணப்பித்தபோது 35 சதவீத மானியம், 10 லட்சம் வரை இருந்தது. முதல் வருடமே அதை வாங்கி மெஷின் போட்டிருந்தால், கசக்கிற மாவை டன் கணக்கில் அரைத்துத் தள்ளியிருப்பேன். மறுபடி கேட்டு வாங்குகிறவர்கள் மாதாமாதம் கூடுகிறார்களா என்று ஒரு வருடம் பார்த்த பிறகுதான் விண்ணப்பித்தேன், ஒரு சின்ன ரோஸ்டருக்கும் டிரையருக்கும். டிரையர் வந்தால் ஐப்பசி மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. வங்கியில் விற்பனைக்கு ஆதாரம் கேட்டார்கள். அடை சுட்டுத் தேதி போட்ட அதே நோட்டின் பின்பக்கத்தில் கடைவாரியாக எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பில் புக்கும் கொண்டுவாங்கம்மா என்றார் மேனேஜர். திங்கட்கிழமை போக வேண்டும்.