துப்பாக்கி ஓகே, கஞ்சா வேணாமா?

கேள்வி: சார், அமெரிக்காவுல துப்பாக்கி என் உரிமைன்னு குதிக்கிறவங்க கஞ்சான்னா தடை வேணும்ங்கறாங்க, கஞ்சாவ விடுங்கங்கறவங்க துப்பாக்கிய புடுங்கச் சொல்றாங்க. இதுல என்ன லாஜிக்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: எல்லாரும் அப்படி இல்ல, ஆனா நிறைய பேருக்கு லாஜிக்க விட கட்சிதான் முக்கியம். "தடை போட்டா கள்ள மார்க்கெட்தான் வளரும்"னு ஒருத்தர் துப்பாக்கிக்கு சொல்வாரு, இன்னொருத்தர் அதே டயலாக்க கஞ்சாவுக்கு சொல்வாரு, பக்கத்து இலைக்கு மட்டும் பரிமாற மாட்டாங்க.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்லயே பாருங்களேன், ரெண்டு கேஸ், கேள்வி ஒண்ணுதான்: மாநிலத்துக்குள்ள நடக்கற விஷயத்துல மத்திய அரசு தலையிடலாமா? 1995ல லோபஸ் கேஸ், ஸ்கூல் பக்கம் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுங்கற மத்திய சட்டம் செல்லாதுன்னு 5-4ல தீர்ப்பு, செல்லாதுன்னவங்கள்ல கன்சர்வேடிவ் நீதிபதி ஸ்காலியாவும் ஒருத்தர். அப்புறம் 2005ல ரைச் கேஸ், கலிஃபோர்னியால மருந்துக்குன்னு வீட்டுலயே வளர்த்த கஞ்சா செடி, மாநில சட்டம் அனுமதிச்சும் மத்திய அரசு தடுக்கலாம்னு 6-3, இந்த தடவை அதே ஸ்காலியா மத்திய அரசு பக்கம்! காரணம் தனியா எழுதினாரு, எனக்கு அது ஒட்டவே இல்ல. இன்னொரு நீதிபதி கென்னடியும் அப்படித்தான் மாறினாரு. ஆனா நீதிபதி தாமஸ் ரெண்டுலயும் மத்திய அரசுக்கு இந்த அதிகாரம் இல்லன்னு நின்னாரு (லிபரல் நீதிபதிங்க நாலு பேரும் மாறல, ரெண்டுலயும் அதிகாரம் உண்டுன்னாங்க).

ரெண்டையும் சேர்த்தே விடச் சொல்றது லிபர்டேரியன் கட்சி. 1971லேர்ந்து இருக்காங்க, ஓட்டுதான் விழ மாட்டேங்குது.