விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் யாருக்கு?

கேள்வி: எங்கள் பங்கிலிருந்து நாற்பது பேர் உரோமை, அசிசி, பதுவை, லூர்து என ஒன்பது இரவுத் திருப்பயணம் போகிறார்கள். 71 வயதாகும் அம்மாவை அனுப்ப ஆசை. அவருக்கு முட்டி வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். முழுப் பணத்தையும் இந்த மாதமே கட்டச் சொல்கிறார்கள். 'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. 'குழு விசா, கட்டாயம் கிடைத்துவிடும்' என்கிறார் ஏஜென்ட். நம்பிக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அம்மா போகக் கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாகப் போகட்டும். அந்த ஒரு வரியை மாற்றி எழுதித் தரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

'குழு விசா' என்பது விற்பனைப் பேச்சு. நாற்பது பேரும் ஒரே காலையில் வரிசையில் நின்றாலும் விண்ணப்பம் நாற்பது, கட்டணம் நாற்பது, முடிவும் நாற்பதுதான். பங்குத்தந்தைக்குக் கிடைத்துப் பாடகர் குழுத் தலைவிக்கு மறுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். விசா கிடைக்கும் என்று உத்தரவாதம் தர ஏஜென்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இத்தாலி, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பாது. அதற்கு ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விமானம், விடுதி, பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிய தொகை அப்படியல்ல. விண்ணப்பத்துக்கு வேண்டியது டிக்கெட் முன்பதிவுச் சான்று. பணம் முழுதும் கட்டி முடித்த டிக்கெட்டைச் சட்டம் கேட்கவில்லை. ஆகவே அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடித்துக்கொண்டு எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்?' பதில் எழுத்தில் வர வேண்டும், நிறுவனத்தின் தாளில், முத்திரையோடு. ஒருங்கிணைப்பாளர் கோயில் வாசலில் வாயால் சொன்னது போதாது.

பணம் போக வேண்டியதும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான், ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. பங்குத்தந்தை கூட வருகிறார் என்பது பணத்துக்குப் பொறுப்பாகாது. பதினைந்து இருபது பேர் சேர்ந்தால் ஓர் இலவச இடம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். அவர் அந்த இடத்தில் வருபவராக இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தின் செலவு உங்கள் தொகைக்குள்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? இங்கேதான் நிறைய குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் பயணத்தில் உரோமையில் நான்கு இரவு, அசிசியில் ஒன்று, பதுவையில் ஒன்று, ஆக இத்தாலியில் ஆறு. பிரான்சிலுள்ள லூர்தில் மூன்று. ஆகவே அதிக நாள் தங்கும் நாடான இத்தாலி. வத்திக்கான் தனி நாடாயிற்றே என்று சிலர் குழம்புவார்கள். உரோமை நகருக்குள்ளிருந்து எல்லைச் சோதனை இல்லாமல் நடந்தே போய்விடும் நாடு அது. அங்கே செலவிடும் நேரமும் இத்தாலிக் கணக்குதான். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. உதாரணமாக, இத்தாலியில் நான்கு, பிரான்சில் நான்கு, விமானம் பாரிசில் இறங்குகிறது என்றால் பிரான்ஸ். அதே பயணத்தில் விமானம் உரோமையில் இறங்கினால் இத்தாலி. ஷெங்கன் நாடுகளில் ஒன்றான ஜெர்மனியில் விமானம் மாறிப் போனால்? எல்லைச் சோதனை செய்வது ஜெர்மனிதான், ஆனால் அங்கே நீங்கள் தங்கவில்லை, விமானம் மாறுவது பயணத்தின் இடமாகாது. அப்போதும் இத்தாலி, பிரான்ஸ் இரண்டில் ஒன்றுதான். 'அந்தத் தூதரகத்தில் சீக்கிரம் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்கிறது, பயணத்திட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் காட்டுவோம்' என்று ஏஜென்ட் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பொய்த் திட்டத்தில் கையெழுத்துப் போடுவது அவரல்ல, உங்கள் அம்மா.

அப்பாயிண்ட்மென்ட் கதையே தனி எரிச்சல். விதிப்படி ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்குப் பதினைந்து நாள், தேவைப்பட்டால் 45 வரை நீட்டிக்கலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் வாங்கும் மையத்தின் இணையதளத்தில் மாதக்கணக்கில் ஓர் இடமும் காலியாகத் தெரியாது. அதே இடம் தரகரிடம் காசுக்குக் கிடைக்கும்! எப்படி என்று தூதரகங்கள்தான் சொல்ல வேண்டும். மையத்துக்குள் போனால் சொகுசு அறை, குறுஞ்செய்தி, கூரியர் என்று பட்டியல் நீட்டுவார்கள். ஒன்றுகூட விசா முடிவைத் தொடாது. செபமாலையோடு வந்து நிற்கும் மூதாட்டிக்கு, 'விசாக் காலம் முடியுமுன் திரும்பிச் செல்வார் என்பதில் ஐயம்' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுக் காகிதத்தை நீட்டும் இயந்திரம் இந்த விசா நடைமுறை. அந்த ஐயத்துக்கு இடம் கொடாமல் அம்மாவின் ஓய்வூதியச் சான்று, வீட்டுப் பத்திர நகல், உங்கள் ஆதரவுக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதா, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுமா என்று இன்றே பாருங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ள முட்டி வலி அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

திட்டத்தின் கீழே 'திருத்தந்தை சந்திப்புச் சிறப்புப் பாஸ், தலைக்கு 60 யூரோ' என்று ஒரு வரி இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். புதன்கிழமை திருத்தந்தை தரும் மறைக்கல்வி உரைக்கான அனுமதிச் சீட்டுகள் இலவசம். திருத்தந்தையின் இல்ல நிர்வாக அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தால், முதல் நாள் மாலை வத்திக்கானின் வெண்கல வாயிலில் சுவிஸ் காவலர் சீட்டுகள் உள்ள உறையை எடுத்துக் கையில் கொடுப்பார். அந்த உறையைப் பிரித்து விடுதி வரவேற்பறையில் ஒருவர் ஆளுக்கு ஐம்பது யூரோ என்று விற்றதை நானே பார்த்தேன். வாங்கியவர்களில் ஒருவர் சீட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். சொல்ல மனம் வரவில்லை. ஜூலையில் புதன் உரை வழக்கமாக இருக்காது, தேதியைச் சரிபாருங்கள். ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபவுரைக்குச் சீட்டே தேவையில்லை. புனித பேதுரு பேராலயத்துக்குள் போகவும் கட்டணம் இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு உண்டு.

இனி அம்மாவின் முட்டி. திட்டத்தில் பதுவையிலிருந்து லூர்துக்கு ஒரே நாளில் பஸ் என்று போட்டிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள கருவியே பதிவு செய்கிறது, கெஞ்சினாலும் நடக்காது. இரண்டு ஓட்டுநர் இருக்கிறார்கள் என்றால் அம்மா பதினைந்து மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டும். விமானமா, நடுவில் ஓர் இரவா என்று மாற்றச் சொல்லுங்கள். உரோமையில் புனிதப் படிக்கட்டு 28 படி, முழங்காலிட்டு மட்டுமே ஏற வேண்டும். அம்மா அதைத் தவிர்த்துவிட்டுப் பக்கவாட்டுப் படிகளில் மெல்ல ஏறலாம். அசிசியில் பெரிய பஸ் பழைய ஊருக்குள் வராது, கீழே இறக்கிவிடும். மீதி ஏற்றம்.

லூர்து அவருக்கு எளிது. நோயாளிகளுக்காகவே அமைந்த ஊர்போல அது. சக்கர நாற்காலியைத் தள்ளத் தொண்டர்கள் இருக்கிறார்கள். 1858இல் மாதாவைக் காட்சியில் கண்ட சிறுமி பெர்னதெத் கையால் தோண்டிய ஊற்று நீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. கடையில் விற்பது வெறும் பாட்டில். நிரப்பிய பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான விமான நிலையங்களில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.