பானை ஓட்டைக் கையில் கொடுங்கள்: பள்ளிப் பிள்ளைகளும் அருங்காட்சியகமும் – கேள்வி பதில்

மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தில் செய்முறைப் பயிற்சி நடத்துவதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. கேள்வி அனுப்பிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியை, திருமங்கலம்): 80 பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போகிறோம் அம்மா. போன ஆண்டு வேறோர் இடத்துக்குப் போனோம். வரிசையாக நடந்தார்கள், திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள் டீச்சர். பிள்ளைகளை இருபது இருபது பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள். ஒரு குழுவுக்கு நூல் நூற்கும் தக்களி, ஒன்றுக்குச் சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு, ஒன்றுக்கு எழுத்துப் பொறித்த பானை ஓடு, ஒன்றுக்குச் சுடுமண் சில்லும் ஆட்டக்காயும். அந்தப் பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பென்சிலால் வரையட்டும். பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையை வரைந்த பிறகுதான் படிக்க வேண்டும். வரையும்போது “இதுல ஏன் ஓட்டை இருக்கு?” என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு குழு பார்த்ததை மற்றக் குழுவுக்குச் சொல்லட்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பள்ளியிலேயே ஒன்று செய்யுங்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் கணித்தது. அதே 353 செ.மீ. நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி, மாடிச் சுவரிலிருந்து தொங்கவிடுங்கள். ஒரு பிள்ளையைக் கயிற்றின் அடியில் நிற்க வையுங்கள். தன் தலைக்கு மேல் இன்னும் எவ்வளவு கயிறு இருக்கிறது என்று அது நிமிர்ந்து பார்க்கட்டும். அவ்வளவு மண்ணை அங்கே கரண்டியாலும் தூரிகையாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள் என்று அப்போது சொல்லுங்கள்.

கேள்வி (பெற்றோர், மதுரை): பழைய பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது சரியா? உடைத்துவிட்டால்?

பதில்: கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை யாரும் கொடுக்கப்போவதில்லை. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற பதிவு இல்லாத ஓட்டுத் துண்டுகள் சில அருங்காட்சியகங்களில் இருக்கும். ஆய்வுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை, பிள்ளைகளுக்கோ அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. காப்பாட்சியர் அனுமதித்தால் அவற்றை வைத்து நடத்தலாம். இல்லாவிட்டால் மானாமதுரைக் குயவர்களிடம் சொல்லி மாதிரிப் பானை செய்து, உடைத்துக் கொள்ளலாம்.

பாய் விரித்து, தரையில் உட்கார வைத்து, மடிக்கு மேலே ஓட்டைத் தூக்கக்கூடாது என்பது என் விதி. தொடக்க காலத்தில் நின்றபடி கைமாற்றச் சொல்லி, ஒரு நல்ல ஓடு சிமெண்டுத் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. அதைத் தவறவிட்ட பையன் மதியம் சாப்பிடவே இல்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து பாய் இல்லாமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

ஒருமுறை மானாமதுரையிலிருந்து வந்த பையன், வகுப்பில் வாயே திறக்காதவனாம், கருப்பு சிவப்பு ஓட்டை வாங்கி விரல் கணுவால் தட்டிக் காதருகே வைத்தான். “நல்லா வெந்த ஓடு இது டீச்சர். எங்கப்பா இப்பிடித்தான் தட்டிப் பாப்பாரு” என்றான். உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் எப்படி வந்தது என்று மற்றவர்கள் அவனைக் கேட்டார்கள். சற்று யோசித்துவிட்டு, “உள்ள காத்துப் போகல” என்றான். அதுதான் சரியான விடை. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உட்புறமும் வாய்ப்பகுதியும் காற்றுப் படாமல் கருக்கும், வெளியே காற்றுப் பட்ட இடம் சிவக்கும். நான் அரை மணி நேரம் விளக்க வைத்திருந்ததை அவன் மூன்று சொல்லில் முடித்துவிட்டான்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன், மேலூர்): என் பெயரைத் தமிழ் பிராமியில் எழுத ஆசை. ஆனால் பெயரில் ஹ, ஷ் இரண்டும் வருகின்றன. என்ன செய்வது அக்கா?

பதில்: நல்ல சிக்கலில் மாட்டியிருக்கிறாய் தம்பி! தமிழ் பிராமி என்பது தமிழை எழுதிய பழைய எழுத்து. அதில் சுலபமான எழுத்துகளில் தொடங்கு. க கூட்டல் குறி மாதிரி இருக்கும், ர ஒற்றைக் கோடு, ட பக்கவாட்டில் திறந்த அரைவட்டம். கீழடி ஓடுகளில் படித்த ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்களை முதலில் எழுதிப் பழகு.

உன் பெயருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தமிழ் ஓசைக்கு மாற்றி எழுதுவது, ‘ஹரி’ ‘அரி’ ஆவது போல. இன்னொன்று, வேற்றுமொழியிலிருந்து வந்த ஓசையை அப்படியே வைத்துக்கொள்வது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே மாங்குளம் மலைக் குகைக் கல்வெட்டு இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டு. அதில் ‘அஸிரிய்’ என்று ஸகரம் போட்டிருக்கிறார்கள். உன் சிக்கல் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. இரண்டு விதமாகவும் எழுதி, எது உன் பெயராகத் தோன்றுகிறது என்று நீயே முடிவு செய். பழைய மண்சட்டி ஓட்டில் ஆணியால் கீறி எழுது. தாளில் எழுதினால் அந்த எழுத்து ஏன் பெரும்பாலும் நேர்கோடும் கோணமுமாக இருக்கிறது என்பது கைக்குப் புரியாது.

கேள்வி (தலைமையாசிரியர், கமுதி பக்கம்): பேருந்து வாடகைக்கு வழியில்லாத பள்ளி எங்களுடையது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: ஐயா, உங்கள் ஊர் வீடுகளில் பரண் இருக்கும்வரை அருங்காட்சியகத்துக்குப் பொருள் பஞ்சமில்லை. பிள்ளைகளிடம் வீட்டில் இருக்கும் அளவைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால், ஏதாவது கட்டாயம் வரும். மணலை அள்ளி அளக்கட்டும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். இரண்டு வீட்டுப் படிகள் ஒத்துப் போகாமல் இருக்கலாம். இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஊருக்கு ஊர் படி வேறுபட்ட காலத்தில் நெல் கூலி வாங்கியவர்கள் எந்தப் படியில் வாங்கினார்கள், கடன் கொடுத்தவர் எந்தப் படியில் அளந்தார் என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வரலாற்றில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பக்கம் அது.

காசும் அப்படித்தான். ஒரு ரூபாய்க்கு 16 அணாவாக இருந்தது, 1957 ஏப்ரல் 1 முதல் 100 நயா பைசா ஆனது. அப்புறமும் 25 பைசாவை நாலணா என்றுதான் சொன்னோம். ஏன் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். 2011-இல் அந்த நாணயம் செல்லாமல் போனதால், பலர் அதை முதல்முறையாகப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும்: யார் வீட்டுப் பொருள், யார் பயன்படுத்தினார், எதற்கு. மாலையில் பொருள் வீட்டுக்குத் திரும்பட்டும், அட்டை பள்ளியில் இருக்கட்டும்.

கேள்வி (சமூக அறிவியல் ஆசிரியர், பரமக்குடி): பள்ளி வளாகத்தில் மாதிரி அகழாய்வுக் குழி அமைக்க நினைக்கிறோம். எப்படி?

பதில்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் போதும். அடியில் மணல், நடுவில் செம்மண், மேலே தோட்டத்து மண் என்று நிறம் மாறும்படி மூன்று அடுக்கு போடுங்கள். அடியில் பானை ஓடு, நடுவில் பழைய ஓட்டுவில்லைத் துண்டும் நாணயமும், மேலே பேனா மூடி. நூல் கட்டி நான்கு கட்டமாகப் பிரியுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புதையல் வேட்டை ஆக்கிவிடாதீர்கள். யார் அதிகப் பொருள் எடுத்தார்கள் என்று பரிசு கொடுத்தால், பிள்ளைகள் பிறாண்டி எடுத்துவிடுவார்கள். பொருளை எடுக்கும் முன் ஆழத்தை அளந்து, கட்டத்தைக் குறித்து, வரைந்தவருக்கே மதிப்பெண் என்று சொல்லுங்கள். குழியை மூடிய பிறகு அந்தக் குறிப்பை மட்டும் வேறொரு குழுவிடம் கொடுத்து, “இங்கே முதலில் வாழ்ந்தவர்கள் யார், பின்னால் வந்தவர்கள் யார்?” என்று கேளுங்கள். குறிப்பில் ஆழம் எழுதாதவர்கள் தவிப்பதைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை அவர்கள் அளவுகோலைக் கீழே வைக்கவே மாட்டார்கள்.

கேள்வி (தாய், விருதுநகர்): என் மகளுக்குப் பார்வை இல்லை. வகுப்போடு அனுப்பினால் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அனுப்புங்கள் அம்மா. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, தொட்டுப் பார்க்கும் பொருள்கள் தயாராக இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கூட்டல் குறி கீறிய மாதிரி ஓடு ஒன்றை வகுப்பில் சுற்றுக்கு விட்டிருந்தேன். முப்பது பேர் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பார்வையற்ற ஒரு பெண் மட்டும் விரல் நுனியால் நிதானமாகத் தடவி, “இங்க அழுத்தி ஆரம்பிச்சு, அங்க லேசா விட்டிருக்காங்க” என்றாள். கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை அன்று அவள்தான் கண்டுபிடித்தாள். கண் தெரிந்தவர்கள் ஓட்டைத் திரும்ப வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள்.

கேள்வி (ஆசிரியை, சிவகங்கை): எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் பிள்ளைகளைக் கொண்டு மைப்படி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். சிமெண்டுப் பலகையில் எழுத்து வெட்டி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுத்துப் பழகட்டும். உண்மையான கல்லில் சாக்குக்கட்டி, எண்ணெய், மாவு எதுவும் படக்கூடாது. மங்கிய எழுத்தைப் படிக்க ஒரு டார்ச் விளக்கு போதும். அந்தி நேரத்தில் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, திருப்புவனம்): கண்மாய்க் கரையில் கனமான பானை ஓடுகள் கிடந்தன. ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். தப்பா?

பதில்: பயப்படாதே பாப்பா, சொன்னதே பெரிய விஷயம். அதைக் கழுவித் தேய்க்காமல் ஒரு காகித உறையில் போடு. எந்தக் கண்மாய், எந்தக் கரை, மடையிலிருந்து எத்தனை அடி, எந்த நாள் என்று உறையின் மேலேயே எழுது. மறந்துபோகும் முன்னால், இன்றைக்கே. மீதி ஓடுகளைத் தொடாதே, தோண்டவும் வேண்டாம். இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானையான முதுமக்கள் தாழியாக இருந்தால், அது இருக்கும் நிலையே ஆய்வாளருக்கு முக்கியம். மண்ணில் கிடைக்கும் புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. உன் டீச்சரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அந்த இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டு. போகும்போது அளவுகோல் ஒன்றை ஓட்டின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள். உறையில் மறக்காமல் உன் பெயரையும் எழுது, கண்டது நீதானே.