அக்காவுக்குத் தெரியாத கையெழுத்து

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்காவின் சார்லட் நகருக்கு வந்தேன். நல்ல சம்பளம் இருந்தும், கடந்த இரண்டு மாதங்களில் நான்கு கிரெடிட் கார்டு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டுவிட்டன. 500 டாலர் டெபாசிட் கட்டி, ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கிய செக்யூர்டு கார்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது. இப்போது 32,000 டாலருக்கு ஒரு எஸ்யூவி வாங்க ஐந்து ஆண்டுக் கடன் கேட்டேன். தனியாக வாங்கினால் 16 சதவீத வட்டி என்றும், கிரீன் கார்டு உள்ள ஒருவர் கோ-சைன் செய்தால் (கடனுக்குத் துணைக் கையெழுத்திட்டால்) 7 சதவீதம் என்றும் டீலர் சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தான் இம்மாதக் கடைசியில் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார். அவர்கள் சொந்த வீடு வாங்க அலைந்துகொண்டிருப்பதால், அக்காவிடம் இதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறோம். தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கார்டும் கடனும் எளிதில் கிடைக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியில் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. “அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறோம்” என்கிறீர்கள். அந்த ‘இருக்கிறோம்’ என்பதில் யார் யார் அடக்கம்? நீங்களும் அத்தானும். வீடு வாங்கப் போகிறவர்களில் ஒருவரான உங்கள் அக்கா அதில் இல்லை. அலைச்சலில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற அக்கறை போல அதை எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தால் மறுத்துவிடுவார் என்ற பயம்தான் எனக்குத் தெரிகிறது.

கோ-சைன் என்பதை நம் ஊரில் தெரிந்தவருக்காகப் போடும் சம்பிரதாயக் கையெழுத்தாக எண்ணிப் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள், கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு அழுதவர்களும் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட நாள் முதல் அந்தக் கடன் முழுவதற்கும் உங்கள் அத்தானும் பொறுப்பாளி. அவருடைய கடன் அறிக்கையிலும், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவிலும், அது ஏறும். நீங்கள் ஒரு தவணையை 30 நாள் தாமதித்தால் அந்தக் கறை ஏழு ஆண்டுகள் வரை அவர் பெயரிலும் நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? 32,000 டாலர், 7 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை சுமார் 634 டாலர். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஏற்கெனவே கடன்களுக்குப் போகிறது என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் எஸ்யூவியின் தவணையும் அத்தானுடைய செலவாகவே சேரும். முப்பது ஆண்டு வீட்டுக் கடனுக்கு வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 634 டாலர் என்பது ஏறக்குறைய 1 லட்சம் டாலர் கடனுக்கான தவணை, அவ்வளவு வீட்டுக் கடன் அவர்களுக்குக் குறையலாம். கார்க் கடனை நீங்களே உங்கள் கணக்கிலிருந்து பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டிவந்ததற்கு ஆதாரம் காட்டினால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடும் விதி பல வீட்டுக் கடன்களில் உண்டு என்பது உண்மைதான், ஆனால் இம்மாதம் தொடங்கும் கடனுக்குப் பன்னிரண்டு மாத ஆதாரத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? ஆக, வங்கி அதிகாரி அறிக்கையை விரித்து, “இந்தக் கார் யாருடையது?” என்று கேட்கும் நாளில், அத்தானுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்காவுக்கு விஷயம் தெரியவரும். தம்பி சொல்ல வேண்டியதை ஓர் அந்நியர் சொல்லுவார்.

நான் பழைய காலத்து ஆள். அக்கா வீடு கட்டினால் கிரகப்பிரவேசத்துக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டியவன் தம்பி. நீங்களோ, வீடு அமைவதற்கு முன்பே அதிலிருந்து இரண்டு அறைகளைக் கழித்துக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். உங்கள் அத்தானையும் நான் விடுவதாக இல்லை. மைத்துனன் கேட்டு மறுத்தால் மரியாதை போய்விடும் என்று எண்ணும் கணவர்கள், அந்த மரியாதையை மனைவியின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

விசாவையும் பாருங்கள். எச்-1பி ஒரு முறைக்கு மூன்று ஆண்டுகள்வரை கிடைக்கும், நீட்டித்தாலும் பொதுவாக ஆறு ஆண்டுகள். வேலை போனால் 60 நாட்கள்தான் அவகாசம், விசாக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுகூட இல்லை. கடன் காலமோ ஐந்து ஆண்டுகள். நீங்கள் பெட்டி கட்டி ஊருக்குத் திரும்பினால் கடன் உங்களோடு விமானம் ஏறாது. அது நியூ ஜெர்சியில்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. புதிய கார்டுகளுக்கு விண்ணப்பிப்பதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் கடன் மதிப்பெண் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். உண்மையில் உங்களுக்கு இன்னும் மதிப்பெண்ணே பிறந்திருக்காது, ஏனென்றால் 300 முதல் 850 வரை போகும், ஃபைகோ என்ற அந்தக் கடன் மதிப்பெண் உருவாக, ஒரு கணக்காவது ஆறு மாதப் பழக்கம் பெற்றிருக்க வேண்டும், உங்கள் கார்டுக்கோ ஐந்து மாதம்தான் ஆகிறது. அந்த நான்கு விண்ணப்பங்களின் சுவடும் இரண்டு ஆண்டுகள் அறிக்கையில் கிடக்கும். செக்யூர்டு கார்டில் மாதம் 50 அல்லது 100 டாலருக்கு மேல் போகாமல் செலவழித்து, கெடு தேதிக்கு முன் முழுத்தொகையையும் கட்டிவாருங்கள். மதிப்பெண்ணில் 35 சதவீதம் தவறாமல் கட்டுவதற்கும், 30 சதவீதம் எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கும் உரியது. இந்தியாவில் உங்களுக்குக் கார்டோ கடனோ இருந்து ஒழுங்காகக் கட்டியிருந்தால், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019 முதல் இந்தியக் கடன் வரலாற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு விண்ணப்பத்தை அங்கே போட்டுப் பாருங்கள்.

காருக்கு வருவோம். அந்த ஊரில் கார் இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், 32,000 டாலர் கார் இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சேமிப்பில் இருப்பதைப் போட்டுப் பழைய செடான் ஒன்றை வாங்குங்கள். கொஞ்சம் குறைந்தால், டீலரின் 16 சதவீதத்துக்குத் தலையாட்டாமல், விசாவில் இருப்பவர்களுக்குக் கடன் தரும் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம்) ஒன்றில் உங்கள் பெயரிலேயே கேளுங்கள். விசா முடியும் தேதிக்குள் முடிகிற கடனாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வேண்டாம் என்று அத்தானிடம் முதலில் சொல்லுங்கள். அக்காவிடமும் பேசப் போகிறேன் என்று அப்போதே அவருக்குத் தெரிவித்துவிடுங்கள், அவரை மாட்டிவிட்டதுபோல் ஆகக் கூடாது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, நடந்த ஏற்பாட்டை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் நான்கு வார்த்தை திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். “பரவாயில்லை, அத்தான் போடட்டும்” என்று அவரே சொன்னாலும், வீட்டுப் பத்திரம் அவர்கள் கைக்கு வரும்வரை அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள்.