கேளுங்கள்: மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். அடுத்த வருடம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்க ஆசைப்படுகிறாள். பாடசாலையில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி. வீட்டில் மடிக்கணினி இல்லை. கச்சான் போட்டுச் சீவிக்கிறோம். எடுக்க விடலாமா, சேர்?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: எடுக்க விடுங்கள் அம்மா. கிளிநொச்சிப் பக்கத்தில் இந்தப் பாடத்தை நெடுங்காலம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதாரண தரத்தில் இது எழுத்துப் பரீட்சை. துவித எண்களை (0, 1 மட்டும் கொண்டவை) மாற்றுவது, 0, 1 உள்ளீடுகளுக்கு விடை தரும் தருக்கப் படலைகள், வேலையின் படிகளை வரைந்து காட்டும் பாய்ச்சற்கோட்டுப் படம், பஸ்கால் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) என்ன விடை தரும் என்று கண்டுபிடிப்பது, இவற்றுக்கெல்லாம் கொப்பியும் பென்சிலும் போதும். நிரலின் ஒவ்வொரு வரியிலும் மாறியின் பெறுமானம் என்ன என்று எழுதிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, கணினி பிழை காட்டும்போது எங்கே பிழைத்தது என்று தெரியும். எடுத்தவுடன் விசைப்பலகையில் கைவைக்கும் பிள்ளை, நிரல் ஓடும்வரை எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்காகக் கணினியைத் தொடாமலே படித்துவிடலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். விரிதாளுக்கும் (கட்டங்களில் கணக்குப் போடுவது) தரவுத்தளத்துக்கும் (தகவல்களை ஒழுங்காகச் சேமித்துத் தேடி எடுப்பது) கை பழக வேண்டும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் வழமையாக நடப்பது என்ன? துணிந்த பெடியன் மவுஸைப் பிடித்துக்கொள்வான். மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். எனக்குப் பொறுக்கவே முடியாத காட்சி அது. என் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். ஒருவர் தட்டச்சுச் செய்வார், ஒருவர் சொல்லிக் கொடுப்பார், மூன்றாமவர் என்ன விடை வரும் என்று முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைப்பார். மென்பொருள் நிறுவனங்களிலேயே இரண்டு பேர் ஒரு கணினியில் இருந்து நிரல் எழுதும் வழக்கம் உண்டு. மகளின் ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: கணினி அறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது? பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில் கணினிகளைத் துணியால் மூடி, திறப்பை லாச்சிக்குள் வைத்திருந்த பாடசாலையை நான் பார்த்திருக்கிறேன். பாவிக்காமலே அவை பழசாகிப் போயின. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பின்னேரம் ஒரு மணித்தியாலமாவது அறையைத் திறந்து விடும்படி பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். தனியாகக் கேட்பதை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இணையம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 2020 இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். அதற்குப் பிறகு கணினிக் கல்வி என்றால் சூம், வட்ஸ்அப் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிரல் எழுதப் பழக ஸ்க்ராட்ச், ஃப்ரீ பஸ்கால், விரிதாள் போட லிப்ரே ஒபிஸ், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. சிக்னல் நல்லாயிருக்கும் இடத்துக்குப் போகும்போது தேவையான புத்தகங்களைத் தரவிறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவரலாம்.

அப்புறம், உங்கள் கச்சான் கணக்கை மகளிடம் கொடுங்கள். விதை, உழவு, பிடுங்குகூலி, விற்ற விலை எல்லாவற்றையும் பாடசாலைக் கணினியில் விரிதாளாகப் போடட்டும். விலைக் கட்டத்தில் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துப் பார்த்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று உடனே தெரியும். சூத்திரம் எதற்கு என்று அவளுக்கு நான் விளங்கப்படுத்தவே தேவையில்லை.

கேள்வி: வீட்டில் தமிழில் தட்டச்சுச் செய்த வினாத்தாள், பாடசாலைக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. ஏன்?
- ஆசிரியை, மல்லாவி

பதில்: பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் டீச்சர். அதில் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே அரைப்புள்ளியாகத்தான் (;) இருக்கிறது. பாமினி இல்லாத கணினிக்கு அது தமிழ் என்று தெரியாது. இனி யுனிகோடில் அடியுங்கள், அதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் உண்டு, கைத்தொலைபேசியிலும் ஒழுங்காகத் தெரியும். பழைய வினாத்தாள்களை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. தாளில் ஆங்கிலச் சொற்களோ கணிதக் குறியீடுகளோ இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ் எழுத்தாக்கிவிடும். அச்சுக்குக் கொடுக்க முன்னர் அந்த இடங்களைக் கட்டாயம் சரிபாருங்கள்.